பொது வாக்கெடுப்பில் விளையாட்டு வீரர்கள்: பேசுவது யார் என்பதே முதல் கேள்வி

2023 அக்டோபர் 14 அன்று ஆஸ்திரேலிய மக்களிடம் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. பழங்குடி மக்கள் சார்பில் நாடாளுமன்றத்துக்கும் அரசுக்கும் ஆலோசனை கூறும் அமைப்பொன்றை அரசமைப்புச் சட்டத்திலேயே இடம்பெறச் செய்யலாமா என்பதே அது. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை நடத்தும் ஏஎஃப்எல், ரக்பி லீகை நடத்தும் என்ஆர்எல் ஆகியவற்றோடு கிரிக்கெட், டென்னிஸ், ரக்பி எனப் பெரும்பாலான தேசிய விளையாட்டு அமைப்புகளும் வெளிப்படையாக 'ஆம்' பக்கம் நின்றன. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சுடரேற்றி, 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கமும் வென்ற பழங்குடி வீராங்கனை கேத்தி ஃப்ரீமன் 'ஆம்' பரப்புரை விளம்பரத்தில் தோன்றினார். வாக்குகளை எண்ணி முடித்தபோது ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் 'இல்லை' என்றிருந்தார்கள். ஆறு மாநிலங்களில் ஒன்றுகூட 'ஆம்' சொல்லவில்லை.

இத்தகைய முடிவு வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. விளையாட வந்தவர்களுக்கு அரசியல் எதற்கு என்று ஒரு தரப்பு கேட்கிறது. அவர்களும் குடிமக்கள்தானே, வாயைக் கட்டச் சொல்ல நீங்கள் யார் என்று மறுதரப்பு கேட்கிறது. 'விளையாட்டுத் துறையினர்' என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு தகுதிகளில் பேசுகிறவர்களை ஒன்றாகக் கட்டிவிடுவதால்தான் இந்த வாதம் ஆண்டுக்கணக்கில் முடியாமல் நீள்கிறது. ஃப்ரீமன் பேசியதும் ஏஎஃப்எல் பேசியதும் ஒரே செயல் அன்று. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்குமுன், பொது வாக்கெடுப்பு என்பது தேர்தலிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

தேர்தல் வேறு, வாக்கெடுப்பு வேறு

இந்தியாவில் நாடு தழுவிய பொது வாக்கெடுப்பு இதுவரை நடந்ததில்லை. ஆகவே நம் வாசகர்கள் பலருக்கு இது தேர்தலின் இன்னொரு வடிவமாகத் தோன்றுவது இயல்பு. தேர்தலில் ஆட்களையும் கட்சிகளையும் தேர்ந்தெடுக்கிறோம். பொது வாக்கெடுப்பில் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மக்களே நேரடியாக விடை சொல்கிறார்கள். அந்த விடை அரசை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆஸ்திரேலியாவில் அரசமைப்பைத் திருத்த நாடு முழுவதற்குமான பெரும்பான்மையோடு குறைந்தது நான்கு மாநிலங்களின் பெரும்பான்மையும் வேண்டும். இதுவரை முன்வைக்கப்பட்ட 45 திருத்தங்களில் 8 மட்டுமே தேறியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகலாமா என்று கேட்ட பிரிட்டனின் 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பு சட்டப்படி ஆலோசனைத் தன்மை கொண்டதுதான். ஆனாலும் அதை மீற எந்த அரசுக்கும் துணிவு வரவில்லை. 2017இல் ஸ்பெயினின் ஒரு பகுதியான கட்டலோனியாவில் தனிநாடு பற்றி நடந்த வாக்கெடுப்பையோ ஸ்பெயின் அரசமைப்பு நீதிமன்றம் முன்கூட்டியே நிறுத்திவைத்திருந்தது.

விளையாட்டு வீரர்களின் பேச்சுக்கு எடை கூடுவதற்கு இந்த அமைப்பிலேயே காரணங்கள் இருக்கின்றன.

1. விடைகள் இரண்டே. தேர்தலில் 'பொதுவாக மாற்றம் வேண்டும்' என்று பட்டும்படாமலும் பேசிவிட்டு நகரலாம். இங்கே வாயைத் திறந்தாலே ஒரு பக்கம் நின்றாக வேண்டும். ரசிகர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு எதிர்ப்பக்கம் நின்றதாகவும் ஆகிவிடும்.

2. அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம் என்ற ஆறுதல் குறைவு. ஐந்தாண்டில் ஆட்சி மாறும். பிரிந்த நாடும் விலகிய ஒன்றியமும் அவ்வளவு எளிதில் மீண்டும் சேர்வதில்லை. அதனால் கோபமும் நீடிக்கிறது.

3. கேள்வி கட்சிகளை ஊடறுத்துச் செல்கிறது. பிரெக்ஸிட்டில் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியே இரண்டாகப் பிளந்தது. கட்சி காட்டும் வழி தெளிவாக இல்லாதபோது, வாக்காளர் வேறு நம்பகமான முகங்களைத் தேடுகிறார். அரசியல் கறை படியாத, எல்லா வீட்டுத் தொலைக்காட்சியிலும் வந்துபோன முகத்தைப் பரப்புரைக் குழுக்கள் விரட்டி விரட்டிக் கேட்பது இதனால்தான்.

மூன்று வகைப் பேச்சாளர்கள்

விளையாட்டு உலகிலிருந்து ஒரு ஆதரவுக் குரல் வரும்போது அது மூன்று தகுதிகளில் ஒன்றிலிருந்து வருகிறது.

1. தனிமனிதராக: தன் பெயரில், தன் நேரத்தில், தன் கணக்கிலிருந்து பேசும் வீரர்.

2. சீருடையில்: ஆட்டம் நடக்கும்போது, அணியின் உடையோடு, அல்லது அணித்தலைவர், பயிற்சியாளர் என்ற பொறுப்போடு பேசுபவர்.

3. அமைப்பாக: வாரியம், கூட்டமைப்பு, லீக், கிளப் என்ற பெயரில் வெளியாகும் அறிக்கை.

முதல் வகைக்குத் தடை கூடாது என்பதும், இரண்டாம் வகைக்கு ஆட்டத்தின் விதிகள் பொருந்தும் என்பதும், மூன்றாம் வகைதான் உண்மையில் ஐயத்துக்குரியது என்பதும் இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. பொதுவிவாதத்தில் நடப்பதோ இதற்கு நேரெதிர். அறிக்கை விட்ட வாரியம் ஒரு நாள் செய்தியாகி மறைகிறது. ஒரு வரி எழுதிய வீரர் ஆண்டுக்கணக்கில் வசை வாங்குகிறார்.

முர்ரேயின் ஒரு பதிவு

ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்ற வாக்கெடுப்பு 2014 செப்டம்பர் 18 அன்று நடந்தது. அதுவரை வாய் திறக்காமல் இருந்த டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரே, வாக்குப்பதிவு நாளின் விடியற்காலையில் ட்விட்டரில் ஒரு பதிவிட்டார். 'இல்லை' தரப்பினர் கடைசி நாள்களில் செய்த எதிர்மறைப் பரப்புரை தன் எண்ணத்தை முழுதாக மாற்றிவிட்டது என்பது அதன் சாரம். தனிநாட்டுக்கு ஆதரவு என்று எல்லோரும் அதைப் படித்தார்கள்; அப்படித்தான் படிக்கவும் முடியும்.

விளைவு உடனே வந்தது. முர்ரே டன்பிளேன் ஊர்க்காரர். 1996இல் அங்கே தொடக்கப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டபோது அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர். அந்தக் கொடுமையை இழுத்து, அன்றே நீயும் போயிருக்கலாம் என்ற தொனியில் எழுதுமளவுக்கு வசை போனது. சில நாள்கள் கழித்து, கருத்துச் சொன்னதற்கு வருந்தவில்லை, சொன்ன விதத்துக்குத்தான் வருந்துகிறேன் என்று அவர் விளக்கினார். வாக்கெடுப்பின் முடிவு 55.3 விழுக்காடு 'இல்லை', 44.7 விழுக்காடு 'ஆம்' என வந்தது.

இந்நிகழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு உண்டு. முர்ரேக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கே இல்லை. வாக்குரிமை பிறப்பை வைத்தன்றி வசிப்பிடத்தை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. அவர் இங்கிலாந்தில் வசித்தார். அதே விதியின்படி, ஸ்காட்லாந்தில் வசித்த காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் வாக்களிக்கலாம். ஆகவே கிளாஸ்கோவில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மதுரைக்கார மாணவருக்கு இருந்த உரிமை, கிளாஸ்கோவில் பிறந்த விம்பிள்டன் வெற்றியாளருக்கு இல்லை. எதிர்ப்பக்கம் நின்ற கால்பந்துப் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசனும் இதே நிலையில்தான் இருந்தார். ஸ்காட்லாந்துக்கு வெளியே வசிப்போரிடமிருந்து 500 பவுண்டுக்கு மேல் நன்கொடை வாங்குவதில்லை என்று 'ஆம்' தரப்பு தனக்கு விதித்துக்கொண்ட வரம்பைச் சீண்டும் விதமாக, அவர் 'இல்லை' தரப்புக்கு 501 பவுண்டு கொடுத்தார்.

வாக்கில்லாதவர் வாய் திறக்கலாமா? திறக்கலாம் என்றே சொல்ல வேண்டும். தான் பிறந்த நாட்டின் எதிர்காலமே மாறப்போகிற முடிவைப் பற்றி அந்நாட்டவர் ஒருவர் பேசுவதை விதண்டாவாதம் என்று தள்ள முடியாது. ஆனால் தன் நிலையைக் கேட்பவருக்குச் சொல்லிவிட்டுப் பேசுவது நேர்மை. வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணமாவது இருக்கிறதென்றால் அது நேரம்: வாக்குச்சாவடிகள் திறக்கும் நாளில் சொன்னால், கேட்டவர்கள் கேள்வி கேட்கவோ மறுப்புச் சொல்லவோ இடம் இல்லாமல் போகிறது.

சீருடையும் ஆடுகளமும்

கட்டலோனியா வாக்கெடுப்பு நாளான 2017 அக்டோபர் 1 அன்று பார்சலோனா அணிக்கு லாஸ் பால்மாஸ் அணியுடன் ஆட்டம் இருந்தது. வாக்குச்சாவடிகளில் காவல்துறை தடியடி நடத்திக்கொண்டிருந்த அந்த நாளில், பார்வையாளர் எவரும் இல்லாத கேம்ப் நூ அரங்கில் ஆட்டம் நடந்து பார்சலோனா 3-0 என வென்றது. காலையில் வாக்களித்துவிட்டு அதைப் படமாகவும் வெளியிட்டிருந்த பார்சலோனா வீரர் ஜெரார்ட் பிக்கே, ஆட்டம் முடிந்து செய்தியாளர்களிடம் பேசும்போது கண் கலங்கினார். தான் இருப்பது பயிற்சியாளருக்கோ கூட்டமைப்புக்கோ சிக்கல் என்றால் ஸ்பெயின் தேசிய அணியிலிருந்து விலகத் தயார் என்றார். மறுநாள் தேசிய அணியின் பயிற்சிக்குப் போனபோது, கூடியிருந்தவர்கள் அவரை நோக்கிச் சீழ்க்கையடித்துக் கூச்சலிட்டார்கள்.

கவனிக்க வேண்டியது, பிக்கே தனிநாடு வேண்டும் என்று சொல்லவில்லை. வாக்களிக்க விட வேண்டும் என்றே சொன்னார். ஒரு பக்கத்தை ஆதரிப்பதும் வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்பதும் வேறு வேறு. கொதிநிலையில் இருக்கும் கூட்டத்துக்கு இந்த வேறுபாடு காதில் ஏறுவதில்லை.

அதே காலத்தில் மான்செஸ்டர் சிட்டி அணியின் பயிற்சியாளராக இருந்த பெப் குவார்டியோலா வேறு வழியில் போனார். 2017 ஜூனில் பார்சலோனா பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு ஆதரவான அறிக்கையைப் படித்தபோது அவரை எந்தக் கால்பந்து அமைப்பும் தடுக்கவில்லை. பின்னர் சிறையிலிருந்த கட்டலான் தலைவர்களுக்கு ஆதரவாக மஞ்சள் நாடா அணிந்து ஆட்டங்களின்போது களத்தோரம் நின்றார். 2018 மார்ச்சில் இங்கிலாந்து கால்பந்து சங்கம் 20,000 பவுண்டு அபராதம் விதித்தது. கருத்து ஒன்றுதான், மனிதரும் ஒருவர்தான். மேடையில் சொன்னபோது உரிமை, களத்தில் அணிந்தபோது விதிமீறல். இது முரண்பாடு போலத் தெரிந்தாலும் எனக்கு நியாயமாகவே படுகிறது. களம் அவருடைய தனிச்சொத்து அன்று. எதிரணியும், இரு தரப்பு ரசிகர்களும், தன் சொந்த அணியிலேயே மாற்றுக் கருத்துள்ளவர்களும் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

அமைப்புகள் ஏன் தனிக்கணக்கு

வீரருக்கு ஒரு வாய், ஒரு மனசாட்சி. வாரியத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. உள்ளூர்க் கிளப்பில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுக்கும் தொண்டர் முதல் தேசிய அணித்தலைவர் வரை எல்லோர் பெயரிலும் அது பேசுகிறது. அந்தத் தொண்டர் 'இல்லை' என்று வாக்களிப்பவராக இருந்தால், அவர் கேட்காமலேயே அவர் பெயர் மறுபக்கத்தில் எழுதப்படுகிறது. அரசியல் கட்சி பிடிக்காவிட்டால் வேறு கட்சிக்குப் போகலாம். ஒரு விளையாட்டுக்கு வழக்கமாக ஒரே தேசிய அமைப்புத்தான்.

ஆஸ்திரேலிய அமைப்புகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஏஎஃப்எல், என்ஆர்எல் இரண்டிலும் பழங்குடி வீரர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைப் போலப் பல மடங்கு. 2015இல் ஆடம் குட்ஸ் என்ற பழங்குடி வீரரை அரங்கம் அரங்கமாகக் கூச்சலிட்டு அவமதித்தபோது ஏஎஃப்எல் உறுதியாக நிற்கவில்லை. அவர் அந்த ஆண்டோடு ஓய்வுபெற்றார். 2019இல்தான் ஏஎஃப்எல் மன்னிப்புக் கேட்டது. அத்தகைய வரலாற்றோடு 2023இல் 'எங்களுக்குக் கருத்தில்லை' என்று சொல்வது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது. ஆனால் தன் வீரர்களை இழிவிலிருந்து காப்பது அமைப்பின் கடமை. அரசமைப்புத் திருத்தத்துக்கு வாக்குக் கேட்பது அந்தக் கடமையின் நீட்சி என்று சொல்ல இன்னும் வலுவான வாதம் தேவை.

அமைப்பே பேசியாக வேண்டிய சூழலும் உண்டு. வாக்கெடுப்பின் விடை, விளையாட்டு நடக்கும் முறையையே மாற்றப்போகிறது என்னும்போது அது அந்தச் சூழல். இரண்டு எடுத்துக்காட்டுகள்.

முதலாவது கிரிக்கெட் ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த 'கோல்பாக்' விவகாரம். மாரோஸ் கோல்பாக் ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஹேண்ட்பால் வீரர், ஜெர்மனியில் விளையாடியவர். அவர் தொடுத்த வழக்கில் 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஐரோப்பிய ஒன்றியத்தோடு உரிய ஒப்பந்தம் உள்ள நாடுகளிலிருந்து வந்து சட்டப்படி வேலைசெய்யும் வீரர்களை 'வெளிநாட்டு வீரர்' என்ற வரம்பில் அடைக்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவுக்கும் அப்படியோர் ஒப்பந்தம் இருந்தது. அந்த வழியில்தான் கைல் அபாட், ரைலி ரோசோ, டுவேன் ஒலிவியர் போன்றோர் தங்கள் நாட்டு அணியை விட்டுவிட்டு இங்கிலாந்துக் கவுண்டி அணிகளுக்குப் போனார்கள். பிரெக்ஸிட்டுக்கான இடைக்காலம் 2020 இறுதியில் முடிந்ததும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. கால்பந்திலும் அப்படித்தான்: அதுவரை ஐரோப்பிய வீரர்களுக்குத் தேவைப்படாத அனுமதி, 2021 முதல் புள்ளிக் கணக்கில் தரப்படுகிறது, 18 வயது நிரம்பாத ஐரோப்பிய வீரர்களை வாங்கவும் முடியாது. ஆகவே, வாக்கெடுப்புக்குமுன் பிரீமியர் லீகின் 20 கிளப்களும் ஒன்றியத்தில் நீடிப்பதையே விரும்புவதாக அதன் தலைவர் ரிச்சர்ட் ஸ்கூடமோர் சொன்னதைத் தொழில்துறையொன்று தன் நலனைச் சொன்னதாகவே கொள்ள வேண்டும். முன்னாள் கிரிக்கெட் வீரர் இயான் போத்தம் விலகலை ஆதரித்ததும், முன்னாள் கால்பந்து வீரர் டேவிட் பெக்கம் நீடிப்பதை ஆதரித்ததும் இதிலிருந்து வேறு. அவை தனிமனிதர் கருத்துகள்.

இரண்டாவது, 1992 மார்ச் 17 அன்று தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் மட்டும் வாக்களித்த வாக்கெடுப்பு. நிறவெறி ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவரும் பேச்சுவார்த்தையைத் தொடரலாமா என்பது கேள்வி. தென்னாப்பிரிக்க அணி அப்போது தன் முதல் உலகக் கோப்பையில் ஆஸ்திரேலிய மண்ணில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் முன்பு அடிலெய்டில் இந்தியாவை வென்றிருந்தது. 'இல்லை' என்று விடை வந்தால் விளையாட்டுப் புறக்கணிப்பு திரும்பும், அரையிறுதியும் கைநழுவும் என்பது ஊரறிந்த செய்தி. 68.7 விழுக்காட்டினர் 'ஆம்' என்றார்கள். அந்த நேரத்தில் விளையாட்டு நடுநிலை என்று ஒன்று இருந்திருக்கவே முடியாது. (அரையிறுதி, ஒரு பந்தில் 21 ஓட்டம் என்ற கணக்கில் மழையோடு போனது வேறு கதை.)

பேசினால் வாக்கு மாறுமா

முர்ரே ஆதரித்த பக்கம் தோற்றது. பெக்கம் ஆதரித்த பக்கம் தோற்றது. ஆஸ்திரேலிய விளையாட்டு உலகமே ஆதரித்த பக்கமும் தோற்றது. இதை வைத்து, வீரர்களின் ஆதரவு கெடுதலே செய்கிறது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அது அவசர முடிவு. ஆஸ்திரேலியாவில் இரு பெரும் கட்சிகளின் ஆதரவும் இல்லாமல் எந்த அரசமைப்புத் திருத்தமும் தேறியதில்லை. 2023இல் எதிர்க்கட்சி எதிர்த்தது. தோல்விக்கு அதுவே போதுமான காரணம். 2017இல் அதே நாட்டில் ஒருபாலினத் திருமணம் பற்றி நடந்த அஞ்சல்வழிக் கருத்தறிதலில் விளையாட்டு அமைப்புகள் பல 'ஆம்' என்றன, 61.6 விழுக்காட்டினரும் 'ஆம்' என்றார்கள். அதற்கும் விளையாட்டுக்குப் பெருமை சேர்த்துவிட முடியாது.

அந்த 2017 கருத்தறிதலில் இன்னொரு பாடம் இருக்கிறது. ஆஸ்திரேலிய ரக்பி அமைப்பு 'ஆம்' பக்கம் நின்றபோது, அதன் நட்சத்திர வீரர் இஸ்ரேல் ஃபொலாவ், எல்லோரையும் மதிக்கிறேன், ஆயினும் இதை ஆதரிக்க மாட்டேன் என்று எழுதினார். அதற்காக அவர்மேல் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 2019இல் அவர் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது, ஒருபாலீர்ப்பாளர் உள்ளிட்டோருக்கு நரகம் காத்திருக்கிறது என்ற வேறொரு பதிவுக்காக. வாக்கெடுப்பில் ஒரு பக்கம் நிற்பதையும் மனிதரைப் பழிப்பதையும் அமைப்பு வேறுபடுத்தியது என்றே இதைப் படிக்கலாம். பின்னாளில் இரண்டையும் குழப்பிப் பேசுபவர்களே அதிகம்.

மௌனத்துக்கு விலை இருக்கும் இடங்கள்

மேற்கண்டவை எல்லாம், பேச மறுத்தாலும் ஒன்றும் ஆகாத நாடுகளின் கதைகள். துருக்கியில் குடியரசுத் தலைவரின் அதிகாரத்தைப் பெருக்கும் 2017 ஏப்ரல் வாக்கெடுப்பு, நெருக்கடிநிலை நடப்பில் இருந்தபோது நடந்தது. முன்னாள் கால்பந்து வீரர் ரித்வான் தில்மென் 'ஆம்' என்று காணொளி வெளியிட்டு, நீயும் வருகிறாயா என்ற பாணியில் அர்தா துரான், புராக் இல்மாஸ் ஆகியோரை அழைத்தார்; அவர்களும் காணொளி வெளியிட்டார்கள். அவர்கள் மனமாரச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆட்சியோடு முரண்பட்ட முன்னாள் நட்சத்திரம் ஹக்கான் ஷுக்குர் அதற்குமுன்பே அமெரிக்காவுக்குப் போய்விட்டிருந்தார்; அவர்மேல் பிடியாணையும் இருந்தது. பெயர் சொல்லி அழைக்கப்பட்ட ஒருவர், 'நான் வரவில்லை' என்று பகிரங்கமாகச் சொல்லக்கூடிய நிலை இல்லாத இடத்தில், அவர் சொல்லும் 'வருகிறேன்' என்பதை ஆதரவுக் கணக்கில் சேர்ப்பது கடினம்.

இரவல் வாங்கப்படும் பெயர்கள்

வீரர்கள் அரசியலில் நுழைவதைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அரசியல்வாதிகள் வீரர்களுக்குள் நுழைவதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். 2013 ஜூலையில் முர்ரே விம்பிள்டன் வென்ற நிமிடத்தில், அரச மாடத்தில் பிரதமர் டேவிட் கேமரனுக்குப் பின்னால் நின்றபடி ஸ்காட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் தன் நாட்டுக் கொடியை விரித்து அசைத்தார். வாக்கெடுப்புக்கு ஓராண்டுக்குமேல் இருந்தது. வென்றவர் எதுவும் சொல்லவில்லை. வெற்றி மட்டும் ஒரு பக்கத்தின் படத்தில் இடம்பெற்றது. அது தனக்குப் பிடிக்கவில்லை என்று முர்ரே பின்னர் சொன்னார்.

பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்கு முந்திய நாள்களில் அமைச்சர் மைக்கேல் கோவ் இன்னும் ஒரு படி மேலே போனார். முன்னாள் லிவர்பூல் வீரர் ஜான் பார்ன்ஸ் விலகலை ஆதரிப்பதாகப் பேட்டியில் கோவ் குறிப்பிட்டார். பார்ன்ஸ் தானே ஊடகத்தைத் தொடர்புகொண்டு, தான் நீடிப்பதையே ஆதரிப்பதாகத் திருத்த வேண்டியிருந்தது. தன் கருத்தைத் தானாக முன்வந்து சொல்ல அவர் எண்ணியிருந்தாரோ இல்லையோ, தன் பெயரைத் திரும்பப் பெறுவதற்காகவே ஒரு பக்கத்தை அறிவித்தாக வேண்டிய நிலைக்கு அவர் தள்ளப்பட்டார்.